12 டிபி ரேம் சர்வர்: விஎம்கோரில் பாதி டாஸ்க்குக்கு ‘சீக் எரர்’

கேள்வி:
வணக்கம். 12 டிபி ரேம் உள்ள எக்ஸ்86 டேட்டாபேஸ் சர்வரில் கர்னல் பேனிக் (இயங்குதளத்தின் மையப்பகுதியே நின்றுவிட்டது). கேடம்ப் (பேனிக் நேரத்தில் நினைவகத்தைச் சேமிக்கும் லினக்ஸ் வசதி) ஓடி விஎம்கோர் (அந்த நினைவகப் பிரதி, அதாவது டம்ப்) பதிவாகிவிட்டது, டிஸ்கில் இடமும் தாராளம். அதை ஆராயும் கிராஷ் கருவிக்குள் போக முடிகிறது. ஆனால் பல டாஸ்க்குகளுக்கு (அப்போது இருந்த ப்ராசஸ்கள்) பேக்டிரேஸ் (எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற வரிசை) எடுத்தால் ‘சீக் எரர்’. கோப்பு பாதியில் அறுந்துவிட்டதா? சின்ன சர்வர்களில் இதே அமைப்பு, மேக்டம்ப்ஃபைல் (டம்ப்பை வடிகட்டிச் சுருக்கும் கருவி) -டி 31 (வடிகட்டும் அளவு), பிரச்சினையே இல்லை.

பதில் 1:
31-ஐ 1 ஆக்கிப் பாருங்கள். தேவையான நினைவகப் பக்கத்தையும் சேர்த்து வடிகட்டியிருக்கும்.

பதில் 2:
அதுவாக இருந்தால் ‘பேஜ் எக்ஸ்க்ளூடட்’ (பக்கம் விலக்கப்பட்டது) என்றல்லவா வரும்? சீக் எரர் என்றால் அந்தப் பக்க எண் டம்ப்பின் எல்லைக்கு வெளியே இருப்பதாகக் கிராஷ் நினைக்கிறது. ‘ஹெல்ப் -டி’ (பெரிய டி) கொடுத்து ஹெடர் (டம்ப்பின் தலைப்புப் பகுதி) பதிப்பையும் அதிலுள்ள மேக்ஸ்_மேப்என்ஆர் புலத்தையும் சொல்லுங்கள். ப்ராக் ஐஓமெம் கோப்பில் (நினைவக முகவரிகளின் பட்டியல்) கடைசி ‘சிஸ்டம் ரேம்’ எங்கே முடிகிறது என்பதும் வேண்டும். ரூட்டாகப் பாருங்கள், இல்லாவிட்டால் வெறும் பூஜ்யம்தான் தெரியும்.

கேட்டவர்:
பதிப்பு 5. மேக்ஸ்_மேப்என்ஆர் 536870912. முகவரி 18 டிபியில் முடிகிறது. ரேம் 12தானே, எப்படி?

பதில் 2:
நோடுகளுக்கு (ப்ராசசரும் அதன் ரேமும் சேர்ந்த தொகுதி) நடுவே முகவரியில் ஓட்டை இருக்கும். மேக்ஸ்_மேப்என்ஆர் ரேமின் அளவைச் சொல்வதில்லை, மிகப்பெரிய பக்க எண் எதுவரை என்பதைத்தான் சொல்கிறது. 5-ஆம் பதிப்பில் அது 32 பிட். 4 கேபி பக்கம் என்றால் 16 டிபியோடு சரி. அதைத் தாண்டினால் மேல் பிட்கள் அறுந்துவிடும்: உங்கள் 18-இல் 16 போய் மிச்சம் 2 டிபி. 536870912 பக்கமும் சரியாக 2 டிபிதான். அதற்கு மேலே இருப்பதெல்லாம் கிராஷுக்குக் கிடையாது.

6-ஆம் பதிப்பு சப்ஹெடரில் (துணை ஹெடர்) இதற்கே 64 பிட் புலங்கள் வைத்திருக்கிறது. மேக்டம்ப்ஃபைல், கிராஷ் இரண்டையும் புதுப்பியுங்கள், ஒன்றை மட்டும் மாற்றினால் பலனில்லை. அப்புறம் கேடம்ப்பின் இனிட்ராம்எஃப்எஸ்ஸைத் (பூட் ஆகும்போது ஏற்றப்படும், கருவிகள் அடங்கிய தொகுப்பு) திரும்பக் கட்டுங்கள். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்: பேனிக் நேரத்தில் ஓடுவது அதற்குள் இருக்கும் பழைய பிரதி.

பதில் 3:
அதுவரை மேக்டம்ப்ஃபைலுக்கு -ஈ போட்டு எல்ஃப் வடிவில் (லினக்ஸின் பொதுவான கோப்பு வடிவம்) எடுக்கலாம், முகவரிப் புலங்கள் 64 பிட். சுருக்கம் கிடையாது, கோப்பு பெருக்கும். அங்கேயும் ப்ரோக்ராம் ஹெடர் (ஒவ்வொரு நினைவகத் துண்டையும் விவரிக்கும் பதிவு) எண்ணிக்கைப் புலம் 16 பிட்தான். 65535-ஐ எட்டினால் உண்மையான எண் முதல் செக்ஷன் ஹெடருக்குப் போய்விடும். பழைய கருவி அங்கே எட்டிப் பார்க்காது.

கேட்டவர்:
நன்றி. இப்போதுள்ள டம்ப்பில் ஹெக்ஸ் எடிட்டரால் (பைட்டுகளை நேரடியாக மாற்றும் கருவி) மேக்ஸ்_மேப்என்ஆர் எண்ணைத் திருத்தினால்?

பதில் 2:
32 பிட்டில் அந்த எண் அடங்காதே! பேனிக் செய்தி மட்டும் போதும் என்றால் அதே அடைவில் விஎம்கோர்-டிமெஸ்க் உரைக்கோப்பு இருக்கிறதா பாருங்கள். அதைத் தனியாக எடுப்பார்கள், இந்த வரம்பு அதைத் தொடாது.