கலைச்சொல் உதவி: ஓலந்துத் தீவுகளின் உரிமைக்கு ஒரு பெயர்

அன்புடையீர்,
பட்ட வகுப்புப் பாடநூலில், சுவீடனுக்கும் பின்லாந்துக்கும் இடையே உள்ள ஓலந்துத் தீவுகள் பற்றிய இயலை மொழிபெயர்த்து வருகிறேன். திங்களன்று அச்சுக்குத் தர வேண்டும். 1921-இல் நாடுகளின் சங்கம் தீவுகள் பின்லாந்துக்கே உரியவை என்று தீர்த்தபோது, தீவினரின் சுவீடிய மொழிக்கும் நிலத்துக்கும் காப்புறுதி கேட்டது. அக்காப்பு இன்று 'ஹெம்பிக்ட்ஸ்ரெட்' என்னும் உரிமையில் நிற்கிறது. அது இல்லாதவர் தீவின் சட்டமன்றத் தேர்தலில் வாக்களிக்க முடியாது. நிலம் வாங்கத் தனி அனுமதி வேண்டும். 'வசிப்புரிமை' என்று எழுதினேன். விசா முத்திரை போல இருக்கிறது.

* * *

மதுரையிலிருந்து:
சோழர் கல்வெட்டிலேயே சொல் இருக்கும்போது புதிதாக ஆக்குவானேன்? வழிவழியாக வரும் நில உரிமை 'காணி'. ஆகவே 'காணியாட்சி' என்க. எண்பதில் ஒரு பங்குக்கும் காணி என்று பெயர், அதில் காற்பங்கு முந்திரி. பங்கு என்ற பொருளே உரிமையாக விரிந்ததா, உரிமை பங்காகச் சுருங்கியதா என்பதைத் தனி மடலில் எழுதுகிறேன்.

* * *

யாழ்ப்பாணத்திலிருந்து:
ஐயா, எங்களுக்குக் காணி என்றால் வேலியடைத்த நிலம். உரிமை என்றதும் உறுதிப் பத்திரம்தான் நினைவுக்கு வரும். போதாததற்கு, இலங்கை அரசியலமைப்பில் மாகாணங்களுக்கு அதிகாரம் பகிரும் 13ஆவது திருத்தம் வந்த நாள்முதல் காணி அதிகாரமும் பொலிஸ் அதிகாரமும் எங்கள் செய்திகளில் ஓயாத சொற்கள். மாணவர் குழம்புவர். 'வதிவுரிமை' போதாதா?

* * *

கோவையிலிருந்து:
போதாது. தீவில் வதிந்தும் அவ்வுரிமை இல்லாதவர் உண்டு. வகுப்பில் கேட்டேன், 'மண்ணுரிமை' என்றனர் சிலர், 'ஊருரிமை' என்றனர் பலர். முன்னது மண்ணின் மைந்தர் கூச்சலை நினைவூட்டுவதால் வேண்டாம். ஹெல்சிங்கியில் பிறந்த பின்லாந்துக் குடிமகன் ஐந்தாண்டு தீவில் தொடர்ந்து வாழ்ந்து, சுவீடிய மொழியும் போதிய அளவு அறிந்திருந்தால், விண்ணப்பித்து இதைப் பெறலாம். தீவிலேயே பிறந்து இதைப் பெற்றவர் வெளியே போய் ஐந்தாண்டுக்கு மேல் தங்கினால் இழப்பார். பிறப்பால் வந்தாலும் இருப்பால்தான் நிலைக்கிறது என்பதைச் சொல் மறைக்கக் கூடாது.

* * *

மதுரையிலிருந்து:
தீவுக்கூட்டத்தில் 16 நகராட்சிகள் உள்ளபோது ஒருமை 'ஊர்' எப்படிப் பொருந்தும்? 'யாதானும் நாடாமால் ஊராமால்' என்று வள்ளுவர் நாட்டையும் ஊரையும் பிரித்தே வைத்தார். 'நாட்டுரிமை' என்றாவது மாற்றுக.

* * *

'நாட்டுரிமை' குடியுரிமையோடு மோதுகிறது, ஐயா. பின்லாந்துக் குடியுரிமை தனியே இருக்க, அதற்குள் நிற்கும் உரிமை இது. 'ஊருரிமை' என்றே அனுப்பிவிட்டேன், முதல் இடத்தில் மட்டும் ஒரு வரி விளக்கத்துடன். தன்னாட்சியா சுயாட்சியா என்ற கேள்வியை யாரும் எழுப்பாததற்கு நன்றி; இயலின் தலைப்பிலேயே அச்சொல் வருகிறது.

* * *

மதுரையிலிருந்து:
'தன்னாட்சி' என்றுதானே போட்டிருப்பீர்கள்? 'காணியாட்சி'யை என் குறிப்பேட்டில் விட்டு வைக்கிறேன்.