எஸ்.டி.பி. ப்ளோயர் சத்தம்: முதல் மாடியில் குடம் அதிர்கிறது, அவசர உதவி தேவை

செயலாளர்64 | வியாழன், இரவு 11.48
வணக்கம். எங்கள் அடுக்ககத்தில் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் (எஸ்.டி.பி.) தொட்டிக்குக் காற்று ஊதும் ப்ளோயர் கடுமையாக இரைகிறது. 64 வீடுகள். முன்பு இப்படி இல்லை. முதல் மாடியில் இருக்கும் அம்மா ஒருவர், தூக்கமே இல்லை என்று இந்த நேரத்தில் என் வாசலில் வந்து நிற்கிறார். அவர் வீட்டுப் பரணில் இருக்கும் பித்தளைக் குடம் தானாக ஒலிக்கிறது. நானே போய்ப் பார்த்தேன். கை வைத்தால் நிற்கிறது, எடுத்தால் மறுபடி தொடங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழு. அதற்குள் என்ன செய்யலாம்? சைலென்சர் ஒன்று வாங்கினால் போதுமா? என்ன விலை?

குழாயடிச்சண்டை | வியாழன், இரவு 11.57
ப்ளோயர் என்ன வகை? எத்தனை ஹெச்.பி.? தரைத்தளத்திலா, பேஸ்மென்டிலா? சத்தம் காற்றை இழுக்கும் பக்கமா, தள்ளும் பக்கமா? எப்போது தொடங்கியது? இதையெல்லாம் சொல்லாமல் விலை கேட்டால் எப்படி ஐயா?

ரப்பர்பேட் | வெள்ளி, காலை 6.10
குடம் அதிர்கிறதென்றால் அதிர்வு கட்டடத்தின் வழியாகத்தான் ஏறுகிறது. ப்ளோயரின் அடியில் ரப்பர் பேட் போடுங்கள். எங்கள் பகுதியில் மூன்று அடுக்ககங்களில் இதனால்தான் சரியானது.

தாமிரச்சுருள் | வெள்ளி, காலை 7.32
மோட்டாராக இருக்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மோட்டாரின் ரீங்காரம் அதில் இரு மடங்கு, 100 ஹெர்ட்ஸ். ஒரு ஃபேஸ் பலவீனமானால் இது கூடும். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மூன்று ஃபேஸிலும் ஆம்பியர் பார்க்கச் சொல்லுங்கள்.

பழைய_இன்ஜினியர் | வெள்ளி, காலை 9.05
இதே கேள்விக்கு இங்கே நான் பல முறை பதில் எழுதியாயிற்று. தேடிப் பார்க்கும் பழக்கம் இந்தத் தலைமுறைக்கு இல்லை. தம்பி, அறைச் சுவரில் இரண்டு அங்குல கிளாஸ் வூல் அடியுங்கள், கதவுக்கு ரப்பர் ஓரம் ஒட்டுங்கள். முடிந்தது. முப்பது ஆண்டு அனுபவத்தில் சொல்கிறேன்.

செயலாளர்64 | வெள்ளி, காலை 10.40
மன்னிக்கவும், அலுவலகத்தில் இருக்கிறேன். பேஸ்மென்டில் இருக்கிறது. 5 ஹெச்.பி., 1440 என்று மோட்டார் தகட்டில் எழுதியிருக்கிறது. ப்ளோயர் அறைக்குள் நின்றால் அவ்வளவு சத்தம் இல்லை, இதுதான் வேடிக்கை. நேற்று இரவு அந்த அம்மாவின் படுக்கையறையில் கைபேசிச் செயலியில் பார்த்தேன், 43 டெசிபல் காட்டியது. இரவில் நிறுத்திவிடலாமா என்று பொருளாளர் கேட்கிறார்.

பழைய_இன்ஜினியர் | வெள்ளி, காலை 10.52
ஒலி மாசு விதிகள் 2000இன்படி குடியிருப்புப் பகுதிக்கு இரவு வரம்பு 45. உங்களுடையது 43. புகாரே செல்லாது. அந்த அம்மாவைக் காது மருத்துவரிடம் அனுப்புங்கள்.

அளந்துபார் | வெள்ளி, நண்பகல் 12.20
அம்மாவின் காது நன்றாகத்தான் இருக்கிறது. அந்த 45 கட்டடத்துக்கு வெளியே அளப்பதற்கான வரம்பு. தவிர, செயலி காட்டுவது 'ஏ' எடையிட்ட அளவு. அது தாழ்ந்த ஒலியைக் குறைத்துக் காட்டும். 100 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 19 டெசிபலைக் கழித்துவிடும். இரைச்சல் முழுவதும் அந்த இடத்தில் இருந்தால், 43 என்று படித்தது உண்மையில் 62. காதைவிட நெஞ்சும் குடமும் அதை முதலில் உணரும்.

இரவில் நிறுத்தாதீர்கள். ஓரிரு மணி நேரம் பரவாயில்லை. இரவெல்லாம் காற்றில்லாமல் போனால் தொட்டியில் உள்ள நுண்ணுயிர்கள் திணறி, காலையில் 64 வீடும் நாறும்.

எனக்கு மூன்று விவரம் வேண்டும். ஒன்று, மோட்டார் புல்லியும் ப்ளோயர் புல்லியும் என்ன விட்டம்? இரண்டு, ப்ளோயருக்குள் சுழலும் உருளைக்கு இரண்டு இதழா, மூன்று இதழா? மூன்று, காற்று இழுக்கும் குழாய் இருக்கிறதா, இருந்தால் நீளம் என்ன?

ஈரச்சாக்கு | வெள்ளி, மதியம் 1.15
இழுக்கும் வாயில் ஈரக் கோணிச்சாக்கைச் சுற்றிக் கட்டினால் சத்தம் அப்படியே அமுங்கும். செலவில்லாத வழி.

குழாயடிச்சண்டை | வெள்ளி, மதியம் 1.22
ஐயையோ, வேண்டாம். மூச்சை அடைத்தால் ப்ளோயர் அதே வேலைக்குக் கூடுதல் அழுத்த விகிதத்தில் உழைக்கும். சூடாகி உருளைகள் விரிந்து ஒன்றோடொன்று உரசும். பிறகு அமைதியாகத்தான் இருக்கும், சாக்கு சொன்னபடி.

செயலாளர்64 | வெள்ளி, இரவு 8.35
புல்லி இரண்டும் ஒரே அளவு. உருளை 8 என்ற எண்ணைப் போல இருக்குமாம், பராமரிப்பாளர் சொன்னார். குழாய் 9 அடி 4 அங்குலம். மேல் வாய் காற்றோட்டக் குழியில் அந்த அம்மாவின் ஜன்னலுக்குக் கீழே முடிகிறது. மழைக்காலத்தில் பேஸ்மென்டில் தண்ணீர் வந்ததால் பிளம்பர் மேலே ஏற்றிவிட்டார்.

அளந்துபார் | வெள்ளி, இரவு 8.41
9 அடி 4 அங்குல நீளமா, 9 அடி நீளமும் 4 அங்குல விட்டமுமா?

செயலாளர்64 | வெள்ளி, இரவு 9.03
நீளம் 9, விட்டம் 4. ஆமாம், இன்னொன்று: பிளம்பர் குழாய் ஏற்றும்போது அங்கிருந்த தகர டப்பா ஒன்றைக் கழற்றிப் போட்டாராம். துருப்பிடித்திருந்தது. ஃபில்டர் மேலே இருக்கிறது, அதனால் அது தேவையில்லை என்றாராம்.

குழாயடிச்சண்டை | வெள்ளி, இரவு 9.06
அதை இப்போது சொல்கிறீர்களே!

வெல்டர்_மணலி | வெள்ளி, இரவு 9.11
அந்த டப்பாதான் ஐயா சைலென்சர்.

அளந்துபார் | வெள்ளி, இரவு 10.28
இப்போது கணக்கு சரியாக விழுகிறது.

இது ரூட்ஸ் வகை ப்ளோயர். இரண்டு உருளைகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு இதழ். ஒரு சுற்றுக்கு நான்கு முறை காற்றை வாய் வாயாக அள்ளுகிறது. இது மின்விசிறி போலச் சீராக ஊதுவதில்லை, விழுங்கி விழுங்கித் தள்ளும். புல்லிகள் ஒரே அளவு, அதனால் ப்ளோயரும் மோட்டாரின் வேகத்திலேயே சுழலும்: நிமிடத்துக்கு 1440 சுற்று, நான்கால் பெருக்கி 60ஆல் வகுத்தால் நொடிக்கு 96 துடிப்பு. தாமிரச்சுருள் சொன்ன 100க்கு அருகில்தான், ஆனால் மோட்டார் அல்ல. எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்று அலைமாலை (ஸ்பெக்ட்ரம்) காட்டும் செயலி ஒன்றை இறக்கிப் பாருங்கள், முகடு 96இல் நிற்கும்.

நம் ஊர் வெப்பத்தில் ஒலி நொடிக்கு 352 மீட்டர் போகும் என்று வையுங்கள். 96 ஹெர்ட்ஸில் அலைநீளம் ஏறக்குறைய 3.67 மீட்டர், அதாவது 12 அடி. ப்ளோயர் இருக்கும் முனை மூடியதைப் போல, மேல் முனை திறந்தது. அத்தகைய குழாய் கால் அலைநீளத்திலும் முக்கால் அலைநீளத்திலும் ஒத்து அதிரும். கால் என்றால் 3 அடி, முக்கால் என்றால் 9 அடி. உங்கள் பிளம்பர் அறியாமலே 96க்குச் சுருதி சேர்த்த நாதஸ்வரம் ஒன்றைச் செய்து, அதன் வாயை அம்மாவின் ஜன்னலில் வைத்துவிட்டார். அறைக்குள் ஏன் கேட்கவில்லை என்பதும் இதனால்தான்: துடிப்பு குழாயோடு மேலே போய் அங்கே வெளியேறுகிறது.

சோதனை எளிது. குழாயை அடியில் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் ஓட்டுங்கள். குடம் அடங்கினால் ரப்பர் பேட் வாங்க வேண்டாம்.

பழைய_இன்ஜினியர் | சனி, காலை 6.48
இவ்வளவு கணக்கு எதற்கு? குழாய் குறைந்தால் சத்தம் குறையும். 3 அடிக்கு வெட்டுங்கள்.

அளந்துபார் | சனி, காலை 7.15
ஐயா, மேலே எழுதியதைப் படித்தீர்களா? 3 அடியும் ஒத்ததிரும் நீளம். வெட்டுவதானால் அரை அலைநீளம், 6 அடி. அங்கே குழாய் ஒத்துழைக்காது.

அதே 3 அடி வேறு இடத்தில் உதவும். நேர்க்குழாயில் 'T' வடிவ இணைப்பு வைத்து, ஒரு முனை மூடிய 3 அடிக் கிளைக்குழாயைப் பொருத்தினால், உள்ளே போன அலை திரும்பி வரும்போது எதிர்க்கட்டத்தில் (ஏற்றத்துக்கு இறக்கமாக) வந்து வருகிற அலையை அழிக்கும். ஒரே ஒரு சுருதியை மட்டும் கொல்லும், ஆனால் உங்களுக்கு ஒரே சுருதிதான் பிரச்சினை. கிளாஸ் வூல் உயர்ந்த ஒலிக்கு நல்லது. 12 அடி அலைக்கு இரண்டு அங்குலப் பஞ்சு ஒரு பொருட்டே அல்ல.

வெல்டர்_மணலி | சனி, காலை 7.40
நான் செய்வதைச் சொல்கிறேன். பழைய 200 லிட்டர் எண்ணெய் பீப்பாய் ஒன்றை எடுத்து, ஒரு மூடியில் குழாய் உள்ளே, எதிர் மூடியில் குழாய் வெளியே. சிறிய குழாயிலிருந்து பெரிய அறைக்குப் போகும்போது அலை திகைத்துத் திரும்பிவிடும். விலை கேட்டீர்களே, பீப்பாய் விலையும் அரை நாள் வெல்டிங் கூலியும்தான். தகரம் மெல்லியது என்பதால் வெளியே தார் ஃபெல்ட் சுற்றுங்கள், இல்லையென்றால் பீப்பாயே முரசாகும்.

அளந்துபார் | சனி, காலை 7.52
மணலியாரின் பீப்பாய் உயரம் ஏறக்குறைய 88 சென்டிமீட்டர், அதாவது 3 அடிக்குச் சற்றுக் குறைவு. இப்படி அலை விரியும் அகன்ற அறைக்கு, அதாவது விரிவறைக்கு, கால் அலைநீளம்தான் உகந்தது. இவர் கணக்குப் போடாமலே சரியான நீளத்தைப் பிடித்திருக்கிறார், பொறாமையாக இருக்கிறது. உங்கள் துருப்பிடித்த டப்பாவும் இதன் தம்பிதான்.

பின்குறிப்பு: அந்தப் படுக்கையறை 12 அடி நீளமா? அப்படியானால் கட்டிலின் தலைமாட்டைச் சுவரிலிருந்து 3 அடி தள்ளிப் போடச் சொல்லுங்கள். சுவரோரத்தில்தான் முழக்கம் அதிகம்.

ஆவணப்புழு | சனி, காலை 9.30
சைலென்சர் என்றதும் நினைவு வந்தது. இயந்திரத் துப்பாக்கி செய்த மாக்சிமின் மகன் ஹைரம் பெர்சி மாக்சிம் 1909இல் துப்பாக்கிக்குக் காப்புரிமை வாங்கிய கருவிதான் பிறகு வண்டிகளுக்கு வந்தது.

குழாயடிச்சண்டை | சனி, காலை 9.44
தவறு. ரீவ்ஸ் சகோதரர்கள் 1897இலேயே இன்ஜின் புகைபோக்கியின் சத்தத்தை அடக்கும் கருவிக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்கள். இன்டியானா மாநிலத்துக்காரர்கள். இந்த ப்ளோயருக்குப் பெயர் தந்த ரூட்ஸ் சகோதரர்களும் அதே இன்டியானாதான், 1860. இரைச்சலும் அங்கே, அடக்கமும் அங்கே.

ஆவணப்புழு | சனி, காலை 10.02
ரீவ்ஸ் செய்தது மஃப்ளர். நான் சொன்னது சைலென்சர்.

குழாயடிச்சண்டை | சனி, காலை 10.05
அமெரிக்காவில் மஃப்ளர், இங்கிலாந்தில் சைலென்சர். பொருள் ஒன்று. லிப்ஸ்டிக்கும் உதட்டுச் சாயமும் போல.

தாமிரச்சுருள் | சனி, காலை 10.31
தமிழில் 'ஒலியடக்கி' என்றே எழுதலாமே. அதோடு, இந்தக் காலத்தில் பீப்பாய் எதற்கு? ஒலிவாங்கியால் சத்தத்தைப் பிடித்து, ஒலிபெருக்கி வைத்து எதிர் ஒலி எழுப்பி அழிக்கலாம். பால் லூக் என்ற ஜெர்மானியர் 1936இலேயே அமெரிக்கக் காப்புரிமை வாங்கினார். அவர் வரைபடத்தில் இருந்ததும் குழாய்தான்.

அளந்துபார் | சனி, காலை 10.50
உண்மை. தாழ்ந்த ஒலி, குழாய்க்குள் என்றால் அந்த முறை அழகாக வேலை செய்யும். ஆனால் கழிவுநீர்த் தொட்டியின் ஈரக்காற்றில் ஒலிவாங்கி எத்தனை நாள் தாங்கும்? பீப்பாய்க்கு ஒலிவாங்கி கிடையாது.

பழைய_இன்ஜினியர் | சனி, காலை 11.20
'ஒலியடக்கி' இலக்கணப் பிழை இல்லையா? ஒலியை அடக்குவது 'ஒலியடக்கு' அல்லவா?

குழாயடிச்சண்டை | சனி, காலை 11.24
சுமைதாங்கி, இடிதாங்கி எல்லாம் பிழையா ஐயா? அது இருக்கட்டும், செயலாளர் எங்கே?

ரப்பர்பேட் | ஞாயிறு, காலை 8.00
என்ன ஆயிற்று? பேட் போட்டீர்களா?

செயலாளர்64 | ஞாயிறு, இரவு 9.17
எல்லோருக்கும் நன்றி. பொதுக்குழு முடிந்தது. பிளம்பர் நேற்று வந்து குழாயை அறுத்தார், அந்தத் தகர டப்பாவையும் துரு சுரண்டி மறுபடி மாட்டினார். குடம் இப்போது ஒலிப்பதில்லை. அந்த அம்மா கூட்டத்தில் மற்றொரு புகார் கொடுத்தார், லிஃப்ட் பற்றி. அதற்குத் தனி இழை போடுகிறேன்.

அளந்துபார் | ஞாயிறு, இரவு 9.20
மகிழ்ச்சி. எத்தனை அடிக்கு அறுத்தீர்கள்?

அளந்துபார் | செவ்வாய், காலை 7.05
செயலாளர் ஐயா, எத்தனை அடி?