உதவி: அஞ்செட்டி – ஒகேனக்கல் மண்பாதை, மேட்டில் பின்சக்கரம் சுற்றுகிறது (ஞாயிறு போகணும், அவசரம்)

மலைக்காற்று
வணக்கம். ஞாயிற்றுக்கிழமை தேன்கனிக்கோட்டையில் கிளம்பி அஞ்செட்டி, அங்கிருந்து ஆற்றை ஒட்டியே ஒகேனக்கல், அப்புறம் பென்னாகரம் என்று ரூட் போட்டிருக்கிறோம். கிராவல் பைக் (மண் ரோட்டிலும் ஓட்டுகிற சைக்கிள்). போன வாரம் பழகிப் பார்க்க ஒரு மண்மேட்டில் ஏறினேன். எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றுகிறது. உட்கார்ந்து மிதித்தால் கால் நகரவே மாட்டேன் என்கிறது. டயர் மாற்றணுமா? இன்னொன்று, ஒரு ஆப் மொத்த ஏற்றம் 1,400 மீட்டர் என்கிறது, இன்னொரு ஆப் 2,200 என்கிறது. எது சரி? சீக்கிரம் சொல்லுங்க.

அரைப்பெடல்
டயர் அளவு என்ன? காற்று எத்தனை பிஎஸ்ஐ? டியூபா, டியூப்லெஸ்ஸா? முன்னால் எத்தனை பல், பின்னால் எத்தனை பல்? உங்கள் எடை? வெறும் ‘கிராவல் பைக்’ என்பதை வைத்துக்கொண்டு என்ன சொல்வது ப்ரோ?

முள்ளுக்காடு
டியூப்லெஸ் போடுங்க, வேலை முடிஞ்சது. அந்தப் பக்கம் முழுக்க முள். சீமைக்கருவேல முள் ஒன்று ஏறினால் டியூப் காலி. சீலன்ட் (டயருக்குள் ஊற்றும் அடைப்புத் திரவம்) இருந்தால் அதுவே அடைத்துக்கொள்ளும்.

அரைப்பெடல்
அவர் கேட்டது சக்கரம் வழுக்குவதைப் பற்றி. பஞ்சரைப் பற்றி இல்லை.

முள்ளுக்காடு
டியூப்லெஸ் என்றால் காற்றைக் குறைக்கலாம், குறைத்தால் பிடி வரும். நான் சொன்னது அதற்கும் சேர்த்துத்தான்.

சங்கிலிச்சாமி
இந்தக் கேள்வி மாதம் ஒரு தடவை வருகிறது. மேலே ஒரு தேடல் பெட்டி இருக்கிறது, அழகுக்கு வைத்ததில்லை. கடையில் ‘கிராவல்’ என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்றதை வாங்கிவிட்டு, பல் எத்தனை என்று எண்ணிக்கூடப் பார்க்காமல் மலைக்குக் கிளம்புகிறவர்களுக்கு என்ன பதில் சொல்வது? முதலில் எண்ணிக்கொண்டு வாருங்கள் தம்பி.

கோட்டைக்காரன்
சார், அதெல்லாம் அப்புறம். ‘ஆற்றை ஒட்டியே’ என்கிறீர்களே, எந்த வழி? எனக்குத் தெரிந்து அஞ்செட்டியிலிருந்து நாட்றாம்பாளையம் வழியாகத்தான் ஒகேனக்கல்லுக்கு ரோடு. அது ஆற்றை ஒட்டிப் போகாது.

மலைக்காற்று
டயர் 38 மி.மீ. காற்று 70 பிஎஸ்ஐ. டியூப்தான். பல் முன்னால் 50/34, பின்னால் 11-32. நான் 74 கிலோ. வழி ஆப் போட்டுக் கொடுத்தது, பிலிகுண்டுலு பக்கம் இறங்கி ஆற்றங்கரையோடு போகிறது. புள்ளிக்கோடாகத் தெரிகிறது. டயர் மாற்றணுமா, வேண்டாமா?

அரைப்பெடல்
70-ஆ! 38 டயரில் 70 வைத்தால் அது மண்ணில் பதியாது, கல்லுக்குக் கல் துள்ளும். துள்ளுகிற டயருக்குப் பிடி எங்கிருந்து வரும்? பின்னால் 45, முன்னால் 40 வைத்துப் பாருங்கள். டியூப் என்பதால் அதற்குக் கீழே ரொம்ப இறங்காதீர்கள். கல்லில் இடித்தால் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் டியூப் நசுங்கி இரட்டை ஓட்டை விழும். டயர் மாற்ற வேண்டாம்.

சங்கிலிச்சாமி
காற்று பாதிதான். மூலகாரணம் கியர். இருப்பதிலேயே லேசான கியரில் முன்னால் 34 பல், பின்னால் 32. 34-ஐ 32-ஆல் வகுத்தால் 1.06. பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி சுமார் 2.3 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று என்றால் மணிக்கு 8.3 கிலோமீட்டர். வண்டியோடு சேர்த்து 86 கிலோவை அந்த வேகத்தில் 12 சதவீத மேட்டில் ஏற்ற 235 வாட் வேண்டும், மண்ணின் இழுப்பு தனி. அவரால் அது முடியவில்லை. அதனால் எழுந்து நிற்கிறார். நின்றதும் உடம்பின் எடை முன்னால் போகிறது, பின்டயரில் பாரம் குறைகிறது, சக்கரம் சுற்றுகிறது. முன்னால் 46/30, பின்னால் 11-34 இருந்தால் அதே 60 சுற்றுக்கு 195 வாட் போதும். உட்கார்ந்தே ஏறலாம். இதை வாங்கும்போதே யோசித்திருக்க வேண்டும்.

மலைக்காற்று
ஞாயிறுக்குள் கிராங்க் (பெடலோடு வரும் முன்பல்சக்கரம்) மாற்ற முடியாது சார். வேற வழி?

அரைப்பெடல்
11-34 கேசட் (பின்பல்சக்கரத் தொகுதி) மட்டும் மாற்றுங்கள். பின்டெரெய்லர் (சங்கிலியைக் கியர் மாற்றும் பாகம்) 34-ஐத் தாங்குமா, சங்கிலி நீளம் போதுமா என்று கடையில் பார்க்கச் சொல்லுங்கள். மேட்டில் நிற்காதீர்கள். சீட்டின் முன்நுனிக்கு வந்து, முழங்கையை மடக்கி, நெஞ்சைத் தாழ்த்தி மிதியுங்கள். முன்சக்கரம் தூக்காது, பின்சக்கரத்தில் பாரமும் இருக்கும். அதற்கு மேலும் ஏறவில்லையா, இறங்கித் தள்ளுங்கள். வெட்கமே இல்லை.

பழையபாரதி
எனக்கு ஒரு விஷயம் புரியவே மாட்டேன் என்கிறது. அதே ஊர்களில் டபுள் பார் சைக்கிளில் ரெண்டு பக்கமும் பால் கேன் மாட்டிக்கொண்டு ஆட்கள் போகிறார்கள். கியரும் இல்லை, சீலன்டும் இல்லை. நீங்கள் லட்ச ரூபாய் வண்டியில் வாட் கணக்குப் போடுகிறீர்கள்.

சங்கிலிச்சாமி
பால்காரர் மேட்டில் ஏறி மிதிப்பதை நீங்கள் பார்த்தீர்களா? இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போவார்.

பழையபாரதி
இவரையும் தள்ளத்தானே சொல்கிறீர்கள். தள்ளுவதற்கு எதற்கு லட்ச ரூபாய்?

முள்ளுக்காடு
மவுன்டன் பைக் வாங்கியிருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது. முன்னால் சஸ்பென்ஷன், ரெண்டே கால் இஞ்ச் டயர், சின்ன கியர், எல்லாம் கூடவே வரும்.

அரைப்பெடல்
வந்துட்டாங்கய்யா. அந்தச் சுற்றில் பெரும்பகுதி தார் ரோடு. ரெண்டே கால் இஞ்ச் கட்டை டயரில் அதை ஓட்டிவிட்டு வந்து பேசுங்கள்.

முள்ளுக்காடு
ஓட்டியிருக்கிறேன்.

அரைப்பெடல்
எங்கே? எத்தனை கிலோமீட்டர்?

கோட்டைக்காரன்
சண்டையைக் கொஞ்சம் நிறுத்துங்கள். அந்தத் தம்பி போகப்போவது காட்டுக்குள். அதை யாரும் கவனித்த மாதிரி தெரியவில்லை.

ஆப் காட்டுகிற புள்ளிக்கோடு ரோடு கிடையாது. யார் வேண்டுமானாலும் வரையக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் யாராவது செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து வனத்துறை ஜீப் தடத்தையோ மாட்டுத் தடத்தையோ வரைந்திருப்பார்கள். அனுமதி இல்லாத பாதை என்று யாரும் குறித்து வைக்காவிட்டால், ஆப் அதையும் வழியாகவே எடுத்துக்கொள்ளும். அங்கே முதலில் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் அறிவித்தார்கள், 2022-ல் காவிரி தெற்கும் வந்துவிட்டது. ஆற்றங்கரைக் காடு பெரும்பாலும் இவற்றுக்குள்தான். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் சும்மா நுழைய முடியாது. பொது ரோட்டில் போகலாம். அதைவிட்டு இறங்க வனத்துறை அனுமதி வேண்டும்.

சட்டம் ஒரு பக்கம், யானை இன்னொரு பக்கம். தொட்டல்லா ஓடை காவிரியில் சேரும் பக்கமெல்லாம் யானை நடமாட்டம். கோடையில் காட்டுக்குள் குட்டைகள் காய்ந்தால் தண்ணீருக்கு ஆற்றுக்குத்தான் வரும். சைக்கிளுக்குச் சத்தம் கிடையாது. வளைவில் திரும்பினால் நீங்களும் எதிர்பார்க்க மாட்டீர்கள், அதுவும் எதிர்பார்க்காது. மோட்டார் பைக்காரனுக்காவது இன்ஜின் சத்தம் இருக்கிறது.

சங்கிலிச்சாமி
ஏற்றக் கணக்கு வேறுபடுவதற்கும் அந்தக் கோடுதான் காரணம். ஆப்புகள் பெரும்பாலும் 30 மீட்டர் கட்டம் கட்டமாக எடுத்த உயரத் தரவைப் பயன்படுத்துகின்றன. சமவெளியில் பிரச்சினை இல்லை. குறுகிய ஆற்றுப் பள்ளத்தாக்கில் கோடு பக்கத்துக் கட்டத்துக்கு நகர்ந்தாலே உயரம் 10, 15 மீட்டர் ஏறி இறங்கும். தட்டையான ஆற்றங்கரையைக்கூட மேடும் பள்ளமுமாகக் கூட்டிச் சேர்த்துவிடும். 2,200 அப்படி வந்ததாக இருக்கலாம். நல்ல ரோட்டில் போட்டு மறுபடி கணக்கிடச் சொல்லுங்கள், குறையும்.

அரைப்பெடல்
ஒத்துக்கொள்கிறேன், அதிசயம்தான். ஆனால் மொத்த ஏற்றத்தைவிட அது எந்த நேரத்தில் வருகிறது என்பதுதான் முக்கியம். தேன்கனிக்கோட்டை கிட்டத்தட்ட 900 மீட்டரில் இருக்கிறது, ஒகேனக்கல் 250 வாக்கில். காலையில் ஜாலியாக இறங்கிவிடுவீர்கள். நடு மத்தியானம் பென்னாகரம் மலைரோட்டில் ஏறணும். கீழே பள்ளத்தில் காற்றே இருக்காது, பாறை எல்லாம் கொதிக்கும். திருப்பிப் போடுங்கள். பென்னாகரத்தில் ஆரம்பியுங்கள்.

கோட்டைக்காரன்
திருப்பினால் ஒகேனக்கல்லிலிருந்து தேன்கனிக்கோட்டை வரைக்கும் ஏற்றமாகிவிடுமே! 11-32 வைத்திருக்கிறவருக்கு இது என்ன யோசனை? ஒகேனக்கல்லோடு முடித்துக்கொண்டு, அங்கே ஒரு வண்டியை வரச் சொல்லி சைக்கிளை ஏற்றுங்கள்.

அரைப்பெடல்
அப்போ விடியற்காலை நாலு மணிக்கே கிளம்பட்டும், வெயில் ஏறும் முன் பென்னாகரம் போய்விடலாம்.

கோட்டைக்காரன்
வெயிலுக்குப் பயந்து நாலு மணிக்குக் கிளம்பினால் யானை முன்னால் போய் நிற்க வேண்டியதுதான். நல்லா வெளிச்சம் வந்த பிறகு காட்டு ரோட்டில் நுழையுங்கள். செக்போஸ்ட்டில் அன்றைக்கு எந்தப் பக்கம் நடமாட்டம் என்று கேளுங்கள், சொல்வார்கள். எத்தனை பேர் போகிறீர்கள்? அதையும் சொல்லவில்லை.

பழையபாரதி
பிலிகுண்டுலுவில் நீர்வரத்து எவ்வளவு என்று பேப்பரில் பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளம் என்றால் ஒகேனக்கல்லில் குளிக்கவும் பரிசலில் போகவும் தடை போட்டுவிடுவார்கள். அவ்வளவு தூரம் போய்விட்டு மீன் வறுவல் மட்டும் தின்றுவிட்டு வரவேண்டியிருக்கும்.

முள்ளுக்காடு
அதுக்காகத்தானே பாதிப்பேர் போகிறார்கள்.

கோட்டைக்காரன்
தம்பி, ரூட் மாத்தினீர்களா? ஒரு வார்த்தை போடுங்கள்.

மலைக்காற்று
மெயின் ரோட்டிலேயே போனோம், நாலு பேர். செக்போஸ்ட்டில் இருந்தவரிடம் அந்தப் புள்ளிக்கோட்டைக் காட்டினேன். போனை வாங்கிப் பார்த்துவிட்டுத் தலையை மட்டும் ஆட்டினார். 34 கேசட் போட்டேன், காற்று 45. நாட்றாம்பாளையம் தாண்டி ரோட்டோரம் சரளை மண்ணில் ஒரு மேடு, உட்கார்ந்தே ஏறிவிட்டேன், சுற்றவில்லை. ஒகேனக்கல்லில் வண்டி ஏற்றிவிட்டோம். எல்லாருக்கும் நன்றி.

சங்கிலிச்சாமி
டெரெய்லர் உரசியதா? சங்கிலி மாற்றினீர்களா, பழையதா? அடுத்து வருகிறவர்களுக்கு உதவும்.

அரைப்பெடல்
மெயின் ரோட்டில் ஏற்றம் கடைசியில் எத்தனை காட்டியது?

முள்ளுக்காடு
பஞ்சர் ஆச்சா இல்லையா, அதை முதலில் சொல்லுங்க.