மறு: டிரான்ஸ்மிஷன் பேன் – ‘அடியகல்’ சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம். கியர் பாக்ஸின் அடியில் இருக்கும் எண்ணெய்க் கலமான ‘டிரான்ஸ்மிஷன் பேன்’ என்பதற்குத் தமிழில் ‘அடியகல்’ என்று வைக்கலாமா என்பதுதான் பேச்சு.

> ‘பேன்’ என்றே எழுதிவிட்டால் என்ன? மெக்கானிக்குக்குப் புரியும்.

மெக்கானிக்குக்குப் புரியும், ஐயா. படிக்கிறவருக்குத் தலைப்பேனும் மின்விசிறியும்தான் முதலில் வந்து நிற்கும். அதனால்தான் இவ்வளவு மெனக்கெடுகிறோம்.

நாம் தமிழாக்கும் குறிப்பு அமெரிக்காவில் உயரம் குறைத்து ஓட்டும் ஷெவர்லே பிக்கப் வண்டிகளைப் பற்றியது. அவற்றில் பலவற்றில் இருப்பது 4எல்60-இ தானியங்கி கியர் பாக்ஸ். அதன் அடியில் 16 போல்ட்டுகளால் தொங்கும் அகலமான, ஆழம் குறைந்த எண்ணெய்க் கலம்தான் நம் பொருள். உள்ளே எண்ணெய், வடிகட்டி, இரும்புத்தூளைப் பிடித்து வைக்க ஒரு காந்தம். பல வண்டிகளில் வடிப்பதற்குத் தனித் திருகு கிடையாது. போல்ட்டுகளைத் தளர்த்தி ஒரு மூலையைத் தாழவிட்டால் ஐந்து லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக எண்ணெய் கொட்டும். தாழ்த்திய வண்டிக்கு அடியில் படுத்து இதைச் செய்கிறவர் முகத்தில் கொஞ்சம் வாங்காமல் எழுந்திருப்பது அபூர்வம்.

> ‘எண்ணெய்த் தட்டு’ எளிமையாக இருக்கிறதே.

எளிமைதான். ஆனால் அதே பெட்டிக்குள் கிளட்ச் தட்டுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. ‘தட்டைக் கழற்றவும்’ என்று எழுதினால் எதைக் கழற்றுவது? ‘தொட்டி’ என்றால் பெட்ரோல் தொட்டி நினைவுக்கு வரும். ‘அடிக்கலம்’ எனக்கும் பிடித்தது. பானெட்டுக்குள் ஏற்கெனவே ஒரு மின்கலம் உட்கார்ந்திருக்கிறது. இலங்கை நண்பர்களுக்கோ கலம் என்றால் உயிரியல் பாடத்தில் வரும் செல்.

‘அகல்’ அப்படிக் குழப்பாது. வாய் அகன்று, ஆழம் குறைந்து, எண்ணெய் ஏந்துவது. அடியில் இருப்பதால் அடியகல்.

> ஆழமான பேனுக்கு ‘ஆழகல்’ என்று சுருக்கலாமே?

வேண்டாம், தம்பி. அச்சில் ‘ஆ’வின் சுழி விடுபட்டால் ‘அழகல்’ ஆகிவிடும். ஆழமானதை ‘ஆழ் அடியகல்’, ஆழம் குறைந்ததைத் ‘தாழா அடியகல்’ என்று பிரித்தே எழுதுவோம். இந்த வேறுபாடு குறிப்பில் முக்கியம். ஆழ் அடியகல் எண்ணெய் அதிகம் பிடிக்கும். ஆனால் தாழ்த்திய வண்டியில் தரைக்கும் அதற்கும் உள்ள இடைவெளியை அதுவே தின்றுவிடும். வேகத்தடையில் ஒருமுறை இடித்து அடிப்பக்கம் உள்வாங்கினால், ஒழுகாவிட்டாலும் வடிகட்டியின் உறிஞ்சுவாய் அடைபடலாம். வடிகட்டியும் இரண்டுக்கும் வேறுவேறு. ஆழத்தைச் சொல்லாத கலைச்சொல் வாசகரைத் தவறான பாகத்தை வாங்க வைக்கும்.

அடுத்தது விளிம்பு. இதற்குப் புதுச்சொல் தேவையில்லை. ஆனால் விளிம்பில் போல்ட் துளையைச் சுற்றி ஏற்படுவதற்கு ஒரு சொல் வேண்டும். தகட்டு அடியகலில் ஒழுகலுக்கு அடிக்கடி காரணமாவது அதுதான். அந்த போல்ட்டுகளுக்கு வேண்டிய முறுக்கு 11 நியூட்டன் மீட்டர்தான். ஒழுகுகிறதே என்று இன்னும் இறுக்கினால் துளையோரம் மேல்நோக்கிப் புடைக்கும். விளிம்புக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவே கசிவைத் தடுக்க வைக்கும் பேக்கிங், புடைத்த இடத்தில் மட்டும் நசுங்கும். இரண்டு போல்ட்டுகளுக்கு நடுவே இடைவெளி விடும். ஒழுகல் கூடும், ஆசாமி மறுபடி ஸ்பானரை எடுப்பார். கழற்றி, விளிம்பை மட்டமான கட்டை மேல் வைத்துச் சுத்தியலால் மெதுவாகத் தட்டிச் சமன் செய்வதுதான் வழி. இதற்குத் ‘துளைப்புடைப்பு’ என்று போட்டிருக்கிறேன். ‘குழிவு’ என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். கீழிருந்து பார்த்தால் குழிவு, பேக்கிங் பக்கத்திலிருந்து பார்த்தால் புடைப்பு. கெடுதல் பேக்கிங் பக்கம் நடப்பதால் அந்தப் பக்கத்துப் பெயரே இருக்கட்டும்.

> கேஸ்கெட் = ‘கசிவிதழ்’?

கசிவது அந்த இதழ்தான் என்று பொருள்படுகிறது. பட்டறையில் எல்லோரும் சொல்லும் ‘பேக்கிங்’கை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி. தமிழ்ச்சொல் கட்டாயம் என்றால் ‘இடையிதழ்’. தக்கைப் பேக்கிங், ரப்பர் பூசிய உலோகப் பேக்கிங் இரண்டையும் குறிப்பு பிரித்துப் பேசுகிறது: தக்கை அழுந்தி அழுந்திப் பிதுங்கிவிடும், ரப்பர் பேக்கிங் சேதமில்லாமல் வந்தால் மறுபடியும் போடலாம். ‘தக்கை இடையிதழ்’ நாக்கில் வழுக்குகிறதா, முட்டுகிறதா? சொல்லிப் பார்த்து எழுதுங்கள்.

கசிவை அடைக்கத் தடவும் பேஸ்ட் பற்றிய பத்தியைத் திருத்த வேண்டும். ‘தாராளமாகத் தடவவும்’ என்று மொழிபெயர்த்தவர் மூலத்தை இன்னொருமுறை பார்க்கவும். ரப்பர் பேக்கிங்குக்கு அங்கே பேஸ்ட்டே வேண்டாம் என்றிருக்கிறது. பிதுங்கி உள்ளே உதிர்கிற துணுக்கு நேரே வடிகட்டிக்குத்தான் போகும்.