செயலிக்கும் மருத்துவக் கருவி ஒப்புதல் வேண்டுமா?

நிரல்கதிர்:
சர்க்கரை நோயாளிகளுக்குச் செயலி எழுதுகிறோம். ஐரோப்பாவில் 2021 மே மாதம் நடைமுறைக்கு வந்த புது மருத்துவக் கருவி விதிமுறையில் 11ஆம் விதி எங்களைத்தான் நசுக்குகிறது. நோயறிதலுக்கோ சிகிச்சை முடிவுக்கோ தகவல் தரும் மென்பொருள் குறைந்தது 2ஏ வகுப்பு, அதாவது ஆபத்து வரிசையில் முதல் வகுப்புக்கு அடுத்த படி. முன்பு இப்படிப் பல செயலிகள் முதல் வகுப்பில் இருந்தன, தயாரிப்பவரே உறுதி அளித்தால் போதும். இப்போது வெளித் தணிக்கை. சின்னக் குழுக்கள் எப்படித் தாக்குப்பிடிக்கும்?

வார்டுமதி:
சர்க்கரை அளவைக் குறித்து வைத்துக் காட்டுவதோடு நின்றால் அது பெரும்பாலும் கருவியே ஆகாது. "இன்சுலின் இத்தனை யூனிட் போடு" என்று சொல்லும்போதுதான் கருவி. அங்கே கணக்குத் தப்பினால் உயிர் போகும். புற்றுநோய்ச் சிகிச்சைக்கான தெராக்-25 கதிர்வீச்சுக் கருவியை மறக்க முடியுமா? 1985 முதல் 1987 வரை மென்பொருள் பிழையால் ஆறு பேருக்கு அளவு மீறிய கதிர்வீச்சு பாய்ந்தது, சிலர் இறந்தார்கள். முந்தைய மாடலிலும் இதே மாதிரி மென்பொருள் பிழை இருந்தது, ஆனால் இயந்திரத்திலேயே இருந்த பாதுகாப்புப் பூட்டு தடுத்துவிட்டது. புது மாடலில் அந்தப் பூட்டை எடுத்துவிட்டு மென்பொருளை மட்டும் நம்பினார்கள்.

நிரல்கதிர்:
சரி, ஆபத்து புரிகிறது. ஆனால் பிழையைத் திருத்திய பதிப்பும் ஒப்புதலுக்காகக் காத்துக் கிடந்தால், பிழையுள்ள பதிப்புதானே நோயாளி கையில் இருக்கும்?

அளவுகோல்:
மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கட்டுப்படுத்தும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. 2024 டிசம்பரில் செயற்கை நுண்ணறிவு மென்பொருளுக்கு ஒரு வழி சொன்னது. என்னென்ன மாற்றுவோம், எப்படிச் சோதிப்போம் என்று முன்கூட்டியே திட்டம் கொடுத்து ஒப்புதல் வாங்கினால், அதற்குள் அடங்கும் மாற்றங்களுக்குப் புது விண்ணப்பம் தேவையில்லை. எனக்குப் பெரிய ஓட்டையாகத் தெரிவது வேறு. எதற்காகச் செய்தோம் என்று தயாரிப்பவர் எழுதுவதை வைத்தே வகுப்பு முடிவாகிறது. "பொதுவான உடல்நலத்துக்கு மட்டும், சிகிச்சைக்கு அல்ல" என்று ஒரு வரி போட்டுவிட்டுத் தப்பிக்கப் பார்க்கிறார்கள்.

நிரல்கதிர்:
ஒப்புதல் பெற்றவை மட்டும் சரியா? விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானி கருந்தோல் உள்ளவர்களுக்கு அளவைக் கூட்டிக் காட்டுகிறது என்பது 2020இல் ஓர் அமெரிக்க ஆய்வுக்குப் பிறகுதான் பெரிய பேச்சானது. எவ்வளவு காலம் முத்திரையோடு புழங்கிய கருவி அது! முன்சோதனையைக் குறைத்து, விற்ற பிறகு கண்காணிப்பதில் பலத்தைப் போடுங்கள்.

வார்டுமதி:
அந்த உதாரணம் யாரை வைத்துச் சோதித்தார்கள் என்று முன்பே கேட்டிருக்க வேண்டும் என்பதைத்தான் காட்டுகிறது. விற்ற பிறகு தெரியவரும் தவறு ஏற்கெனவே யாரோ ஒருவரின் உடம்பில் நடந்துவிட்ட தவறு. கண்காணிப்பும் வேண்டும், ஆனால் அதற்காக முன்சோதனையை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நிரல்கதிர்:
அந்தப் பயத்தில் இன்சுலின் கணக்கையே எங்கள் செயலியிலிருந்து எடுத்துவிட்டோம். இப்போது நோயாளி மனக்கணக்குப் போடுகிறார். இது பாதுகாப்பா?

வார்டுமதி:
இல்லை, அது உண்மையான இழப்புதான். ஆனால் மனக்கணக்குத் தப்பினால் ஒருவருக்கு, செயலி தப்பினால் வைத்திருக்கும் அத்தனை பேருக்கும். கணக்குப் பகுதியைத் தனியாகப் பிரித்து அதை மட்டும் ஒப்புதலுக்கு அனுப்புங்கள், குறிப்பேட்டுப் பகுதி வெளியே ஓடட்டும். ஐரோப்பிய வழிகாட்டுதலே அப்படிப் பிரிக்க இடம் தருகிறது.