பர்மாப் பணத்தில் எழுந்த கல்வீடு: அனுபவப் பகிர்வு

கானாடுகாத்தான் உறுப்பினர்:

காரைக்குடியிலுள்ள செட்டிநாட்டு மாளிகையான ஆயிரம் ஜன்னல் வீட்டின் அழகைப் பற்றி நண்பர்கள் இங்கே எழுதியதை வாசித்தேன். பூட்டிக் கிடக்கும் வீடு ஒன்றைப் பழுதுபார்க்கப் போய் நான் கண்டதைச் சொல்கிறேன். செட்டியாரான எங்கள் பாட்டையா பர்மாவின் ரங்கூனில் லேவாதேவி (வட்டிக்குக் கடன் கொடுக்கும் தொழில்) நடத்திய காலத்தில் கட்டிய வீடு அது. செம்புறாங்கல் அடித்தளம், முகப்பில் பர்மாத் தேக்குத் தூண்கள், வளவை (உள் முற்றத்தை) சுற்றிக் கருங்கல் தூண்கள். சென்ற ஆண்டு முன்னோரைக் கும்பிடும் படைப்புக்குப் பங்காளிகள் கூடியபோது, வீட்டின் இரண்டாம் பகுதியான இரண்டாங்கட்டுச் சுவரில் பூச்சு பெயர்ந்து விழுந்திருந்தது. அந்தத் துண்டைக் கொத்தனார் திருப்பிக் காட்டினார்: செங்கல்லை ஒட்டிச் சொரசொரப்பான சுண்ணாம்புக் காரை, அதன்மேல் நைசாக அரைத்த காரை, எல்லாவற்றுக்கும் மேலே நகக்கனம்கூட இல்லாத, முட்டை வெண்கரு சேர்த்த வெண்பூச்சு. இத்தனை காலம் கடந்தும் விரலை வைத்தால் கண்ணாடிபோல் வழுக்கியது. விழுந்ததற்குக் காரணம், பக்கத்தில் பிற்காலத்தில் போட்ட சிமெண்ட் ஒட்டுதான். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சி வெளியே விட்டுவிடும். சிமெண்ட் அதை உள்ளேயே அடைத்துவிடுவதால் உப்பு பூத்துச் சுவர் உதிர்கிறது.

அவசரத்துக்குச் சிமெண்ட் அப்பும் நிலைமை எப்படி வந்தது என்பதில்தான் இவ்வீடுகளின் வரலாறே இருக்கிறது என்று நினைக்கிறேன். 1930-களின் மந்தநிலையில் நெல் விலை சரிந்து, செட்டியார்களிடம் கடன் வாங்கிய விவசாயிகளால் திருப்பித் தர இயலாமல் போகவே, கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால் பங்கு நிலம் செட்டியார்களின் கைக்கு வந்து, போட்ட முதலீடு எல்லாம் நிலத்தில் முடங்கியது. 1942-இல் ஜப்பானியப் படை ரங்கூனைப் பிடித்தபோது, உயிர் தப்பினால் போதும் என்று நடந்தே ஊர் திரும்பியவர்கள் பலர். 1948-இல் பர்மா விடுதலை பெற்றபின் நிலம் நாட்டுடைமை ஆயிற்று. வரவு நின்றபின் உடைந்த ஓட்டை மாற்றக்கூட வழியில்லாத வீடுகள் எங்கள் தெருவிலேயே இருந்தன.

தேவகோட்டை உறுப்பினர்:

எங்கள் வீட்டுக்கும் இதே கதைதான். புள்ளிக்குப் புள்ளி (மணமான ஒவ்வோர் ஆணின் குடும்பத்துக்கும்) பங்கு உண்டு என்பதால், தனி ஒருவர் செலவு செய்யத் தயங்குகிறார்; விற்பதற்கு மட்டும் எல்லோரும் கையெழுத்திட்டுவிட்டால், தூணும் கதவு நிலையும் கழற்றப்பட்டுக் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்குப் போய்விடுகின்றன. சாமி கும்பிட்ட நிலைக்கதவு கடை வாசலில் சாத்தியிருப்பதைக் காண மனம் பதறுகிறது. நாங்கள் பங்காளிகளிடம் பேசிப் பணம் திரட்டி, நீற்றிய சுண்ணாம்பில் கடுக்காய்த் தண்ணீரும் பனைவெல்லமும் சேர்த்து அரைத்துப் பூசத் தெரிந்த கொத்தனாரை அமர்த்தினோம். நாளும் கூலியும் கூடுதல்தான்; ஆனாலும் ஐப்பசி மழை முடிந்தபின் பார்த்தபோது அந்தச் சுவரில் ஓரிடத்திலும் உப்பு பூக்கவில்லை. அடுத்து முகப்புச் சுவரை எடுக்கவிருக்கிறோம்.