டீசல் புகையில் வேலை: எந்தப் பரிசோதனை உருப்படியானது?

எல்லாருக்கும் வணக்கம். லாரி பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை எனக்கு. மூடிய கொட்டகை, இன்ஜினை ஓடவிட்டுத்தான் கோளாறு பார்க்க முடியும். சாயங்காலம் மூக்கைச் சிந்தினால் கைக்குட்டையெல்லாம் கரி.

டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012லேயே முதல் பிரிவில், அதாவது உறுதியானவை என்ற பட்டியலில், சேர்த்துவிட்டது. புகையிலுள்ள பென்சோபைரீன் என்ற ரசாயனம் உடம்புக்குள் உருமாறி டிஎன்ஏவில் ஒட்டிக்கொள்கிறது. அதைச் சரிசெய்யாமல் செல் பிரிந்தால் பிழை நிலைத்துவிடலாம். இதுவரை புரிகிறது. குழப்பம் இதற்கப்புறம்தான்.

ஒரு பரிசோதனைக்கூடத்தில் மைக்ரோநியூக்ளியஸ் டெஸ்ட் எடுக்கச் சொல்கிறார்கள். டிஎன்ஏ சேதத்தால் செல்லுக்குள் தனியாக ஒதுங்கி நிற்கும் குட்டி உட்கருக்களை எண்ணுவதுதான் அது. கன்னத்தின் உட்புறம் சுரண்டியோ ரத்தம் எடுத்தோ பார்ப்பார்களாம். நான் படித்தவரை அது ஒரு தொழிலாளர் கூட்டத்தை இன்னொரு கூட்டத்தோடு ஒப்பிடத்தான் உதவும்; வயது, சிகரெட் பழக்கம்கூட எண்ணிக்கையை மாற்றும். தனியாள் ஒருவருக்கு அதை வைத்து என்ன சொல்வார்கள்? காசு பிடுங்கும் வேலையோ என்று சந்தேகம். சிறுநீரில் ஹைட்ராக்சிபைரீன் (புகையிலுள்ள பைரீன் உடம்பில் மாறி வெளியேறும் பொருள்) பார்ப்பது மேலா? அதுவும் சமீபத்தில் உள்ளே போனதைத்தான் காட்டும்.

இன்னொன்று, கூச்சப்படாமல் கேட்கிறேன். நானும் மனைவியும் குழந்தை பெற்றுக்கொள்ளலாம் என்றிருக்கிறோம். இந்தப் புகை விந்தணுவையும் கெடுக்குமோ என்று பயம். விந்தணு உருவாகி முதிர ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகுமே, முயற்சிக்கு முன் அவ்வளவு நாளும் உதிரிபாகப் பிரிவுக்கு மாற்றிக் கேட்கலாமா? யாராவது அப்படிக் கேட்டு வாங்கியிருக்கிறீர்களா?

தொழில்சார் நோய் மருத்துவர்கள் இருந்தால் வழி சொல்லுங்கள். சைலன்சரில் மாட்டி புகையை வெளியே இழுக்கும் குழாய் வைத்திருக்கும் பட்டறைக்காரர்களும் பேசுங்கள். முதலாளியிடம் அடுத்து அதைத்தான் கேட்கப்போகிறேன். துணி மாஸ்க் யோசனை மட்டும் வேண்டாம், அதில் பெரிதாக ஒன்றும் நிற்காது.